வாசிகசாலையில் நான் விட்ட பகிடி

ஈஸ்ட் ஹாம், லண்டன்
28 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி சிவமலர் அறிவது,

நாங்கள் இங்கே சுகம். உம்முடைய சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உம்முடைய மனுசன் நிசாந்தனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது என்று அறிந்தேன். நான் எடுத்த போன்களுக்கு நீர் பதில் தரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் என்றால் என் வியாபார வாய் எப்படியாவது கதையைத் திருப்பிவிடும்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு வாசிகசாலையில் நடந்த கூட்டத்தில் நீரும் பின்வரிசையில் இருந்தீர். சுகாதாரப் பரிசோதகர் யனுஷன் எலிக்காய்ச்சலுக்குக் குளிசை கொண்டுவந்து, வயலில் இறங்குகிறவர்கள் கிழமைக்கு ஒருதரம் போட வேண்டும், காலில் புண்ணோடு வெள்ளத்தில் நிற்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார். வயிறு எரியும் என்றார் ஒருவர். வருத்தம் வராமல் மருந்து எதற்கு என்றார் இன்னொருவர். அப்படியிருந்தும் நிசாந்தன் குளிசையைக் கையில் வாங்கித் தண்ணீரும் கேட்டான். வாசிகசாலைக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன் என்ற மரியாதைக்கு என்னையும் வீடியோ கோலில் பிடித்து, அண்ணை என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

"எடேய் நிசாந்தன், சேத்துக்குள்ள வளந்த உனக்கு எலி மூத்திரத்துக்குப் பயமே? குளிசையைப் பொம்பிளையளிட்டைக் குடுத்திட்டு வயலுக்குப் போ" என்றேன்.

சனம் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டு குளிசையைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

இனி எழுதப்போவதை என் மனுசிக்கும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்கு முதல் கிழமைதான் இங்கே என் கடைக் களஞ்சியத்தில் ஒரு அரிசி மூட்டையை எலி அரித்திருந்தது. கவுன்சில்காரர் கண்டால் கடையைப் பூட்டுவார்கள் என்று பக்கத்து மூட்டைகளையும் சேர்த்து எறிந்தேன். கையுறை இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. எலி மூத்திரத்தால் என்ன வருத்தம் வரும் என்று வேலையாட்களுக்கு வகுப்பே எடுத்தவன் நான். தெரியாமல் சொன்னேன் என்றால் ஒரு சாட்டாவது இருந்திருக்கும். லண்டன் போய் மாறிவிட்டான் என்று ஊர் நினைத்துவிடும் என்பதற்காக, ஊரான் மாதிரிக் கதைத்துக் காட்டினேன்.

காய்ச்சல் வந்த பிறகும் மூன்று நாள் கொத்தமல்லித் தண்ணீரோடு கிடந்தானாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பகிடி பண்ணுவார்கள் என்றானாம். அந்தப் பகிடியைத் தொடக்கியது ஆர் என்று உமக்குத் தெரியும்.

இப்போது அறுவடை. வயலில் இன்னும் தண்ணீர் நிற்கிறதாம். உம்முடைய மகன் லதீசன் குளிசையை வாங்க மறுத்துவிட்டான் என்று யனுஷன் சொன்னார். தான் போட்டால், அப்பா மடத்தனத்தால் செத்தார் என்று ஆகிவிடும் என்றானாம். தங்கச்சி, அது நிசாந்தனின் மடத்தனம் இல்லை. என்னுடையது. இந்தக் கடிதத்தை அவனிடம் கொடும். வாசிகசாலையிலும் உரத்து வாசிக்கச் சொல்லும். என் பெயரை மறைக்க வேண்டாம்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. பிள்ளை நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். வயலில் கால் வைக்க முதல், உமக்கு முன்னால் நின்று அவன் அதை விழுங்கட்டும். எனக்கு எழுத உமக்கு மனமில்லாவிட்டால், போட்டுவிட்டான் என்று யனுஷனிடமாவது சொல்லிவிடும். அவர் எனக்குச் சொல்வார்.

இனி அண்ணை என்று நீர் கூப்பிடாவிட்டாலும்,
சபாரத்தினம்