முட்டிக்கு நேர் எதிரே

ஜூலை 3, திங்கள்
புதிய உடற்கல்வி ஆசிரியன் வந்து மூன்று வாரம். எதைப் பார்த்தாலும் கோணம் அளப்பதால் பிள்ளைகள் 'டிகிரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று என் கைப்பந்து அணியை ஒன்றரை அடி பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொருத்தியாகக் குதிக்கச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்தான். பயிற்சியில் நாற்பது நிமிடம் பாழ்.

ஜூலை 5, புதன்
தலைமை ஆசிரியை அறை. படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். படத்தில் என் அண்ணன் மகள்.

"தரையைத் தொடும்போது முட்டி உள்பக்கமா போகுது மேடம். பத்து டிகிரி. ஆறு வாரம் இடுப்பு, தொடைக்குப் பயிற்சி கொடுக்கணும். அதுவரைக்கும் மேட்ச் வேணாம். ஜவ்வு கிழிஞ்சா ஒரு வருஷம் போயிடும்."

போட்டி மூன்று வாரத்தில். விளையாட்டுக் கல்லூரிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். அவளுக்கு இந்த வருடம் விட்டால் வயது தாண்டிவிடும்.

"பத்தொன்பது வருஷமா என்கிட்ட பிள்ளைங்க குதிக்குதுங்க. யாருக்கும் முட்டி கழண்டு விழல," என்றேன்.

"கழண்டவங்க உங்ககிட்ட திரும்பி வந்து சொல்லியிருக்க மாட்டாங்க."

தலைமை ஆசிரியை சிரிப்பை அடக்கினார். பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை முடிவாம்.

ஜூலை 6
யாருக்குப் பாடம் எடுக்கிறான்? நேத்து வந்தவன். என் மைதானத்துல, என் டீமை —
அண்ணன் போனில்: "உன் மருமகளையே ஓரத்துல உட்கார வைக்கிறான். நீ பாத்துட்டு இருப்பியா?"

ஜூலை 9, ஞாயிறு
அவனை அடிக்க அவன் ஆயுதமே வேண்டும். உடல் இயக்கவியல் புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்து இரண்டு நாளாகப் படித்தேன். கிடைத்தது. கேமரா முட்டிக்கு நேர் எதிரே, முட்டி உயரத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் ஒதுங்கினாலும் கோணம் தப்பாக வரும். இவன் வலைக்கம்பத்தின் பக்கம் ஒதுங்கி, நெஞ்சு உயரத்தில் கையில் பிடித்து எடுத்தான். பட்டம் வாங்கியவனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

ஜூலை 11, செவ்வாய்
காலை ஆறரை. அவளும் நானும் மட்டும். முட்டி உயர ஸ்டூல்மேல் கைப்பேசி, எதிரே பெஞ்ச். டேப் வைத்து மூன்று மீட்டர் அளந்தேன். இடுப்பு, முட்டி, கணுக்காலில் வட்ட ஸ்டிக்கர்.

"அந்த சாருக்கு என்மேல என்ன கோபம் அத்தை?"

"உன்மேல இல்ல. ஏறு."

ஐந்து முறை குதித்தாள்.

ஜூலை 12, புதன்
படங்களை அச்செடுத்து, கோடு போட்டு, பாகைமானி வைத்தேன்.
16, 18, 17, 19, 17.
மறுபடி அளந்தேன். அதேதான்.
அவன் தப்பாகத்தான் எடுத்திருக்கிறான். தப்பு, குறைத்துக் காட்டியிருக்கிறது.

ஜூலை 13
இதை யாரும் பார்க்கவில்லை. கேமரா ஒதுங்கியிருந்தது என்று மட்டும் சொன்னால் போதும், அவன் வாயடைத்துப் போவான். அது பொய்யும் இல்லை. என்ன குறைஞ்சிடப் போகுது? ஒரே ஒரு மேட்ச்தானே?
ஒரு மேட்சில் எத்தனை தடவை குதிப்பாள்? எழுபது.

ஜூலை 14, வெள்ளி
அச்செடுத்த ஐந்தையும் தலைமை ஆசிரியையின் மேசைமேல் போட்டேன். "முதல்ல ஒழுங்கா படம் எடுக்கக் கத்துக்கிட்டு வாங்க. பத்து இல்ல, பதினேழு." அணிப் பட்டியலை இழுத்து அவள் பெயரை நானே அடித்துவிட்டேன்.

'டிகிரி' ஒவ்வொரு படமாகப் பார்த்தான். "கேமரா எவ்வளவு உயரத்துல இருந்துச்சு மேடம்?"

"ஸ்டூல்மேல. அளந்து பாத்துக்குங்க."

அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்கப் போவதும் இல்லை.

ஜூலை 15, சனி
அண்ணன்: "சொந்தப் பிள்ளையா இருந்தா இப்படிப் பண்ணுவியா?"
எனக்குப் பிள்ளை இல்லை. அது தெரிந்துதான் கேட்டான்.

ஜூலை 26, புதன்
தோற்றோம். இரண்டு செட்டும். ஆள் எடுக்க வந்தவர்கள் எதிரணிப் பெண்கள் இருவரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். அவள் மைதானத்துக்கே வரவில்லை.

ஜூலை 31, திங்கள்
தொடைப் பயிற்சிக்குத் தினமும் காலையில் வரச் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. இன்றுதான் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சில் ஏறிக் குதித்தாள்.

"முட்டி உள்ள போகுது," என்றேன்.

"தெரியுது," என்றாள். திரும்ப ஏறினாள்.