ஒன்பது போத்தல் தண்ணீர்

கொழும்புத்துறை,
14.09.2025

அன்புள்ள பிள்ளை நிரோஜினிக்கு,

நீக்கிலாப்பிள்ளை அப்பு எழுதுவது. நாங்கள் நல்ல சுகம். நோர்வேயில் நீரும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். என் கோணல் எழுத்தை மன்னியும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன்; எழுத்துகள் கோட்டில் நிற்க மறுக்கின்றன. எழுபத்திரண்டு வயதில், கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில் பழகிய கை இது. கடிதம் தொடங்கி இன்றைக்கு மூன்றாம் நாள்.

எங்கள் கிணறுகளைப் பற்றி நீர் எழுதிய அறிக்கை தபாலில் வந்தது. வேறு யாரையும் வாசிக்க விடாமல் நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதற்பக்கத்தில் என் பெயரைக் கண்டதும் மனைவி இராசமலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது உங்கடை பேர் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள் சொன்னால் நம்பத்தானே வேணும்" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில்தான் திடுக்கிட்டேன். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒன்றாய் இருக்கும் ஒன்பது கிணறுகளும் நன்னீர், ஆகவே கடல்நீர் உள்ளே வராமல் மறிக்கும் அணை இங்கே தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். அப்படித்தான் இருந்தது. ஒன்பது தண்ணீரும் ஒரே தன்மையாக இருப்பது வியப்பு என்றும் எழுதியிருக்கிறீர். அதில் வியப்பு ஒன்றுமில்லை, பிள்ளை. ஒன்பதும் மாதா கோயில் கிணற்றுத் தண்ணீர்.

உமக்கு வெயில் காய்ச்சல் வந்து படுத்த அன்று, வீட்டுக்கு ஒரு போத்தல் தந்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னீர். வந்த பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதிலும் இது பல்கலைக்கழகத்துப் பெரிய ஆட்களிடம் போகிற தண்ணீர். ஆகவே நாங்கள் குடிக்கக் கொண்டுவந்து வைத்திருக்கும் குடத்திலிருந்து வார்த்தோம். மற்ற எட்டு வீட்டிலும் விசாரித்தேன். ஒருவரோடு ஒருவர் கதைக்காமலே எல்லோரும் அதையே செய்திருக்கிறார்கள்!

உள்ளது இதுதான்: எங்கள் கிணற்றில் சவர்க்காரம் நுரைக்காது. கத்தரிக்கு ஊற்றினால் இலை கருகுகிறது. அணை வராவிட்டால் இன்னும் சில வருடத்தில் இந்த ஒழுங்கையில் ஒரு கன்றும் நிற்காது.

உமக்கு எழுதப்போகிறேன் என்றதும் இராசமலர் சண்டைக்கு வந்தாள். "அந்தப் பிள்ளையின்ரை சோதினையைக் குழப்பப் போறியளோ? எழுத்துத் தெரியாமல் இருக்கேக்கை ஒரு கரைச்சலும் இல்லை" என்றாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் பிழையான கணக்கை நம்பி அணையை வேறு ஊருக்குக் கொண்டுபோனால், பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

நேற்று எல்லோரும் மறுபடி போத்தல் நிரப்பினோம், இம்முறை கிணற்றில் வாளி விட்டு. வீட்டுப் பெயர்களை நான்தான் எழுதி ஒட்டினேன். இராசமலர் எங்கள் போத்தலை நல்ல தண்ணீரால் கழுவி, அதில் பாதியை உள்ளேயே விட்டுவிட்டாள். அதை வெளியே ஊற்றச் சொன்னேன். "உப்பைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டினால் என்ன?" என்று கேட்கிறாள்! கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே வாளியை விட்டாள்.

போத்தல்களை உம்மோடு வேலை செய்த கஜானி மிஸ்ஸிடம் யாழ்ப்பாணத்தில் கொடுத்தேன். நடந்ததைக் கேட்டு அவ சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். வியாழனுக்குள் பரிசோதித்து முடிவை அனுப்புவாவாம். ஆனால் மாத முடிவுக்குள் அறிக்கையைத் திருத்த வேண்டியது நீர்தான் என்றும், அதற்கு வீட்டுக்காரரின் எழுத்து வேண்டும் என்றும் சொன்னா. இந்தக் கடிதத்தை அவவிடம் கொடுத்தால் படமெடுத்து உடனே உமக்கு அனுப்புவா.

பிள்ளை, எங்கள் கிணறு உப்பு என்று கூச்சப்படாமல் எழுதும். உம்முடைய பேராசிரியர் ஏசினால் இந்தக் கடிதத்தைக் காட்டும். காய்ச்சலோடு கிடந்த பிள்ளையை ஒரு கிழவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லும். அது உண்மைதானே. உமக்கு ஒரு குறையும் வராமல் மாதா துணை நிற்பா.

மற்ற எட்டு வீட்டுக்காரரும் தங்கள் பங்கை எழுதித் தரச் சொல்லி வாசலில் வந்து நிற்கிறார்கள். என் கைக்கு நாளுக்கு ஒரு வீடுதான் முடியும். அவர்கள் சொல்வதை எழுதி அடுத்த கிழமை அனுப்புவேன். அதுவரை அறிக்கையை யாருக்கும் கொடுத்துவிடாதேயும்.

அன்புடன்,
ம. நீக்கிலாப்பிள்ளை