வீட்டுக்கு ஒரு மெயில்

நகரி,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கச்சி யமுனாவுக்கு அக்கா தேவசேனா எழுதுவது. நானும் மாமாவும் சௌக்கியம். உன் கைக்கட்டைப் பிரிச்சாச்சா? நாலாவது படிச்சவ எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்குதுன்னு சிரிக்காதே. எட்டாவது போயி நீ என்னத்தைக் கிழிச்சே.

போன் பண்ணாம எழுதுறதுக்குக் காரணம் இருக்குது. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்காரன் வெங்கட் வந்தான். உன் கையை முறிச்ச அதே கையால காபி வாங்கிக் குடிச்சிக்கினு, போனைக் காட்டினான். திருமலையில நீ மொட்டை போட்டுக்கினு நிக்கிற போட்டோ. எனக்கே ஒரு நிமிஷம் யாரோ பையன்னு தோணிச்சு. ஆனா போட்டோவை எல்லாம் சேர்த்து வெக்கிற அந்த மெயில் கம்பெனி அடையாளம் கண்டுபிடிச்சு, உன் கல்யாண போட்டோ பக்கத்துல வெச்சிருக்குது. அடுத்தது இப்போ நீ தங்கியிருக்கிற ஹாஸ்டல் வாசல்ல நீ எடுத்தது. கீழே நாயுடுபேட்டை, தெரு பேரு எல்லாம். தசராவுக்குள்ள கூட்டிக்கினு வர்றேன்னு சிரிச்சிட்டுப் போனான்.

தப்பு நம்மளோடது. கல்யாணத்தப்போ சித்தூர் போன் கடையில அவன் பேர்ல ஒரு மெயில் போட்டாங்க. ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒண்ணு போதும்னு நினைச்சோம். அவனை விட்டு வந்து புது போன் வாங்கினப்போவும், செத்துப்போன நைனாவோட போட்டோ எல்லாம் வரணும்னு அதே மெயிலைக் குடுத்தே. நைனாவும் வந்தாரு, கூடவே இவனும் வந்துட்டான்; நீ எடுக்கிற போட்டோ எல்லாம் அவன் போனுக்கும் போயிடுது.

பக்கத்து வீட்டு ரோஜா, திருப்பதியில காலேஜ் படிக்கிறவ, கம்பெனிக்கு எழுதிப் பார்த்தா. மெயிலைப் பிரிக்கணும்னா ஒரு நம்பர் அனுப்புவாங்களாம். அது அவன் போனுக்குத்தான் போகுமாம். கையை முறிச்ச கதையெல்லாம் எழுதினோம். உங்கள் நம்பிக்கையே எங்களுக்கு முக்கியம்னு அழகா தமிழ்ல பதில் வந்தது. மறுபடி எழுதினோம், மறுபடி அதே பதில். உங்க மாமா கூட என்கிட்ட இவ்வளவு பணிவா பேசினதில்ல. இனிமே அழிச்சாலும், அவன் பார்த்ததை யார் அழிக்கிறது.

இதை ரோஜா கையில குடுத்தனுப்புறேன். படிச்ச உடனே கிளம்பு. போனை அங்கேயே விட்டுடு. நைனா போட்டோ போனா போகட்டும். எங்கே போறேன்னு எனக்கும் சொல்லாதே, லெட்டரும் போடாதே. அவன் திரும்ப வருவான். எனக்குப் பொய் சொல்ல வராது, உனக்கே தெரியும். நான் நிஜமாவே தெரியாதவளா இருக்கணும்.

போற இடத்துல வேளைக்குத் துன்னு. சாமி உன்னை யார் கண்ணுலயும் படாம, என் கண்ணுலயும் படாம, நல்லா வெச்சிருக்கட்டும்.

உன்னைத் தேடாத அக்கா,
தேவசேனா