இல்லாத கலியாணத்தைச் சொல்லி என் மதிப்பீட்டைப் பறித்தவர் மீது முறைப்பாடு

அனுப்புநர்:
ஷெரோன் அருட்பிரகாசம்,
கடற்கரை வீதி, குருநகர்.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர்,
தொழில் பயிலுநர் பயிற்சிப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

விடயம்: படகு எஞ்சின் திருத்தக உரிமையாளர் திரு. செபநாயகம் மீது நடவடிக்கை கோரல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் திரு. செபநாயகத்தின் திருத்தகத்தில் தங்கள் பிரிவின் கீழ்ப் பயிலுநராக இருந்தேன். இறுதி மதிப்பீட்டில் சித்தியடைந்தால் கிடைக்கும் நான்காம் மட்டச் சான்றிதழைக் கொண்டு தொழில்நுட்ப டிப்ளோமாவுக்குச் சேர இருந்தேன். “நீ படிக்கப் போனால் என்ரை வேலையை ஆர் பாக்கிறது?” என்று அவர் பலமுறை கேட்டதுண்டு.

2. மதிப்பீட்டாளர் வரும் நாளை அவர் எனக்கு அறிவிக்கவில்லை. அன்று காலை, மண்டைதீவில் ஒரு படகு எஞ்சின் பழுதாகி நிற்கிறதென்று என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் படகுக்காரர் தொழிலுக்குப் போய்வந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

3. நான் திரும்புமுன் மதிப்பீடு முடிந்துவிட்டது. “அவளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது, இனி வரமாட்டாள்” என்று திரு. செபநாயகம் மதிப்பீட்டாளரிடம் சொன்னதைச் சக பயிலுநர் கோகுலன் கேட்டுள்ளார். சாட்சி சொல்லவும் சம்மதித்துள்ளார். மதிப்பீட்டாளர் மறுபேச்சின்றி என் பெயரை நீக்கிவிட்டார். கோகுலனுக்குக் கலியாணம் என்றிருந்தால் நீக்கியிருப்பாரா என்பதைத் தாங்கள் அவரிடமே கேட்கலாம்.

4. எங்கள் தேவாலயப் பங்கில் கலியாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் வாசிப்பார்கள். என் பெயர் வாசிக்கப்படவில்லை என்பது பூசையில் முன்வரிசை வாங்கில் இருக்கும் திரு. செபநாயகத்துக்கு நன்றாகத் தெரியும். இப்போது சந்தையில் என் அம்மா லூர்த்தம்மாவிடம், அந்தக் கலியாணம் ஏன் குழம்பியது என்று கேட்கிறார்கள்.

5. பங்குத்தந்தை வந்து மன்னிக்கச் சொன்னார். மன்னிப்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் விசாரணை நடக்கட்டும் என்றேன். நான் விலகிய பின் திரு. செபநாயகத்தின் முற்றத்தில் திருத்தாத எஞ்சின்கள் நிறைந்து கிடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

6. டிப்ளோமா அனுமதி இம்மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குமுன் என்னை மதிப்பிட வேண்டும். அதை அவருடைய திருத்தகத்திலேயே, அவர் பார்த்துக்கொண்டு நிற்க, நடத்த வேண்டும். தான் சொன்னது பொய்யென்று மதிப்பீட்டாளருக்கும் வேலையாட்களுக்கும் முன்னால் அவர் சொல்ல வேண்டும். இனி எந்தப் பயிலுநரையும் அவரிடம் அனுப்பக்கூடாது. அவர் கெஞ்சுவார். இரங்கவேண்டாமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: குருநகர்
திகதி: 12.05.2025

இங்ஙனம்,
ஷெரோன் அருட்பிரகாசம்

பிரதி: திரு. செபநாயகம். தபாலில் அல்ல. வேலையாட்கள் எல்லாரும் நிற்கும் நேரம் நானே கையில் கொடுப்பேன்.