உம் கொட்டாத சிஸ்டருக்கு

என் பிரியத்துக்குரிய அமலா சிஸ்டர்,

நீங்கள் மாற்றலாகிப் போனதிலிருந்து அடையாற்றுத் தியான இல்லத்தில் உங்கள் நாற்காலியில் வேறொரு சிஸ்டர் உட்காருகிறார். நல்லவர்தான். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் நாலு ஆறுதல் சொல்லிவிடுகிறார். நீங்கள் பழக்கிவிட்ட எனக்கு அது ஒத்துவரவில்லை.

முதல் தடவை நான் வந்தது ஞாபகம் இருக்கிறதா? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றே காலம் தள்ளியவள் நான். வீட்டுக்காரர் கடலோடு போனதில் தொடங்கி, மகன் டேவிட் முகம் கொடுத்துப் பேசாதது வரை கொட்டித் தீர்த்தேன். ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்கிறவர் 'உம்' கொட்ட வேண்டாமா? நீங்களோ கண்ணை மூடிக் கல்லுளிமங்கி மாதிரி இருந்தீர்கள்.

"இன்னா சிஸ்டர், தூங்கிட்டீங்களா?" என்றேன் கோபமாக.

"முழிச்சுதான் இருக்கேன் மேரி. நான் உம் கொட்டினா நீங்க எனக்காகப் பேசுவீங்க. கொட்டலைன்னா, பேசறது உங்களுக்கே கேக்கும் இல்ல?"

விருட்டென்று எழுந்து போய்விட்டேன். அடுத்த வாரம் ஏன் திரும்பி வந்தேன்? இன்றும் தெரியவில்லை. வந்து, பேசி, பேச்சு தீர்ந்த பிறகு உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து ஜெபிக்கப் பழகினேன்.

போன வாரம் டேவிட் சாப்பிட உட்கார்ந்தான். "வேளச்சேரி மால்ல செக்யூரிட்டி வேலைக்குப் போறேம்மா. இனிமே போட்ல ஏறமாட்டேன்" என்றான்.

'உங்கப்பன் இருந்தா...' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். 'உம்' கூடச் சொல்லவில்லை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"பயமா கீதும்மா. அப்பா போனதுலேர்ந்து ஒவ்வொரு தபாவும் பயந்துகினுதான் போறேன். சொன்னா நீ கத்துவே."

இந்தப் பயத்தைத்தானே சிஸ்டர், திமிர் என்று உங்களிடம் அத்தனை நாள் புலம்பினேன்?

அழுகை வந்துவிட்டது. "எனக்கும் பயந்தான்டா நைனா. நீ கரைக்கு வர்ற வரிக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல" என்றேன். உங்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை வேலையில் சேருகிறான். டேவிட் பேசினால் முடிக்கிற வரை பொறுத்திருப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அவனைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் எவராவது பேசினால் மட்டும் பொறுக்க மாட்டேன். அப்போது நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
மேரி