பச்சைக் காரின் மங்கிய விளக்குகள்

மாமா,

நேற்று ஒரு வேலையாகக் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் போயிருந்தேன். அப்பாவின் பட்டறை இருந்த தெருவைக் கடக்கும்போது, யாரோ மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிக் காயவைத்திருந்த வாசனை வந்தது. அந்த வாசனைக்கு அப்பாதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்தது நீங்கள். பொள்ளாச்சித் தோப்பு வீட்டில், கொப்பரை காயும் களத்தில், என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த நீங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சாப்பிட வாங்க மாமா", "காப்பி வச்சிருக்குதுங்க மாமா" என்பதைத் தாண்டி உங்களிடம் பேசியதே இல்லை. என் அப்பா எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். நானும் கட்டுவேன், அப்பாவின் வேனை ஓட்டிப்போய் மோட்டார்களை இறக்கிவிட்டு வருவேன் என்பதை மட்டும் என் பிறந்த வீட்டார் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகுமோ என்று அம்மாவுக்குப் பயம்.

உங்கள் பிரியமெல்லாம் அந்தப் பச்சைக் காரின் மேல். வால்பாறை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது. இரண்டே சீட்டு, மடக்கிவைக்கும் கூரை, தரையோடு ஒட்டிய உடம்பு. ஊர்ப் பிள்ளைகள் அதைத் தவக்களை என்பார்கள். வெயில் தாழ்ந்ததும் வாய்க்கால் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வருவீர்கள். திரும்பி வரும்போது முகத்தில் வயசே தெரியாது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பாலத்துச் சுவரில் காரை உரசிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் மகன், என் வீட்டுக்காரர், உங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இனிமே சாவி எங்கிட்டயே இருக்கட்டுமுங்கப்பா. உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லீங்க." தேங்காய் வியாபாரியிடம் ஒரு காய்க்குக்கூட மல்லுக்கட்டும் நீங்கள், மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காப்பியோடு கார்க் கொட்டகைக்கு வந்தேன். உரசிய இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் அம்மணி. லைட்டப் போட்டாலும் ரோடு மங்கலாத்தான் தெரியுது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசீல வட்டல்ல சோறு எங்க இருக்குதுன்னு தடவித் தடவிச் சாப்புட்டாங்க."

முந்தின நாள் கார் வாசலேறியதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். விளக்குகள் பழுத்த நிறத்தில் சோர்ந்து எரிந்தன. மேட்டில் ஏற நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தபோது மட்டும் கொஞ்சம் உயிர் வந்தது.

"மங்கலா இருக்கறது உங்க கண்ணில்லீங்க மாமா. லைட்டுங்க."

நீங்கள் நம்பவில்லை. சாவி உங்கள் மகனோடு கோயமுத்தூர் போய்விட்டது. நான் யோசிக்கவில்லை, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயர்களைப் பிரித்துச் சேர்த்தேன். கார் முனகி முனகி ஸ்டார்ட் ஆனது. நீங்கள் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். "ஏன் கண்ணு, இதெல்லாமா கத்துக்குடுத்து அனுப்பிச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்கள் முன்னால் நான் முதல்முறையாகச் சிரித்ததும் அன்றுதான்.

கெட்டிருந்தது ஆல்டர்னேட்டர், கார் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது. அந்தக் காருக்குப் புதிது எங்கும் கிடைக்காது என்றீர்கள். கழற்றிக் களத்துக்குக் கொண்டுவந்து பிரித்தோம். கார்பன் பிரஷ் என்கிற கரித்துண்டு தேய்ந்து பொட்டாகியிருந்தது. பேரிங் காய்ந்துபோய்க் கரகரத்தது. காயிலில் ஒரு பக்கம் கருகியிருந்தது. நான் பஸ் பிடித்து அப்பாவின் பட்டறைக்குப் போய்ச் செம்புக் கம்பி, சுற்றுக்கு அடியில் வைக்கும் காகிதம், வார்னிஷ், பேரிங் எல்லாம் வாங்கிவந்தேன். பிரஷ் மட்டும் பெரிய அளவில்தான் கிடைத்தது. அதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தது நீங்கள். நான் பழைய சுற்றுகளை எண்ணிப் பிரித்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றினேன். வார்னிஷ் ஊற்றிய காயில் கொப்பரைகளுக்கு நடுவே வெயிலில் காய்ந்தது.

நடுநடுவே நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். "சரியாயிருமா கண்ணு?"

"ஆயிருமுங்க மாமா."

நீங்கள் கேட்டது காரைப் பற்றி மட்டுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே தைரியம் சொன்னேன்.

எல்லாம் மாட்டி முடித்த சாயங்காலம் விளக்கைப் போட்டபோது தோப்பின் கடைசி மரம்வரை வெள்ளையாக நின்றது. உங்கள் மகன் பார்த்தார், என் கையின் கரியையும் பார்த்தார், சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். "ஏறு அம்மணி" என்றீர்கள்.

வாய்க்கால் ரோட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் ஓட்டினீர்கள். பிறகு பாட்டு நின்றது. வேகம் குறைந்தது. சந்தையிலிருந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இடதுபக்கமாக வந்துகொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் அவர் மேலேயே விழுந்தது. நீங்கள் நேராக அவரை நோக்கிப் போனீர்கள்.

"மாமா, மாடு!"

பிரேக் போட்டு நிறுத்தினீர்கள். அவர் ஏதோ திட்டிக்கொண்டே மாட்டை இழுத்துப் போனார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டீர்கள்.

"லைட்டு நல்லா எரியுதா அம்மணி?"

பொய் வாய்வரை வந்தது. சொல்ல முடியவில்லை. "எரியுதுங்க மாமா."

"அப்ப ரெண்டுமே கெட்டிருந்திருக்குது. ஒண்ண நீ சரி பண்ணிப்போட்டே." குரலில் கசப்பே இல்லை. இறங்கி, காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தீர்கள். "தள்ளிக்க கண்ணு. நீ ஓட்டு."

"ஊர்ல யாராச்சும் பார்த்தா..."

"பார்க்கட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். "அழுதுக்கிட்டு கியர் போடாதே, கடிக்குது பாரு" என்று அதட்டினீர்கள்.

கண் நரம்பு வற்றுகிறது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் காக்கலாம் என்றார் டாக்டர். அந்தக் கொஞ்ச காலம் சில வருஷங்கள் நீடித்தது. ஒவ்வொரு சாயங்காலமும் நான் ஓட்ட, நீங்கள் பக்கத்தில். "இப்ப என்ன தெரியுது?" என்பீர்கள். ரோடு, மரம் என்று சொன்னால் விடமாட்டீர்கள். "மரந்தான் எனக்குத் தெரியுமே. மரத்துல என்ன?" அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நான் பார்க்கப் பழகினேன். மரமேறியின் இடுப்பில் தொங்கும் அரிவாள், எதிரே வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கும் குழந்தை, சைக்கிளில் போகிறவர் கேரியரில் கட்டியிருக்கும் புதுப் பாய். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பீர்கள். அந்த "ம்" வராமல் நான் அடுத்ததற்குப் போகமாட்டேன்.

நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இப்போதும் தனியாக ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் போகிறேன். பக்கத்தில் ஆள் இருந்தாலும் சில நேரம் மறந்து சொல்லிவிடுகிறேன். "யாருக்கும்மா சொல்றே?" என்று என் மகள் கேட்பாள். நீங்கள் இருந்தபோது அவள் கைக்குழந்தை.

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் மாமா. கரையோரம் ஒரு வெள்ளாட்டுக் குட்டி முன்னங்காலை மடித்துக் குடிக்கிறது. அதன் தாய் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.