ஹோட்டல் படங்களில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அம்மாவும் சௌக்கியம் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன், இந்த முறை என்னைப் பற்றி மட்டும்தான் அப்படி எழுத முடிகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வேறு எதையோ பேசிவிடுகிறது. அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

நான் அனுப்பிய ஹோட்டல் படங்களைப் பார்த்துவிட்டு, "இப்பவாவது ரெண்டு பேரும் ஊர் சுத்துறீங்களே, நல்லா அனுபவிங்க" என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இந்தப் பெரிய நகரத்துக்கு நாங்கள் வந்தது ஊர் சுற்ற இல்லை, பாப்பா. அம்மாவுக்கு உணவுக்குழாயில் கட்டி. புற்றுநோய்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கதிர்வீச்சு முடிந்துவிட்டது, அடுத்தது ஆபரேஷன். "அவளுக்கு அந்த நாட்டுல இப்பதான் வேலை நிரந்தரமாச்சு, சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் அவள்தான். ஒடுங்கிப்போன முகம் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு படத்திலும் கிண்ணத்தை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

கதிர்வீச்சு தொடங்கிய மூன்றாவது வாரமே அவளுக்கு நாக்கு செத்துவிட்டது. நான் குழையக் குழைய ஆக்கிக் கொடுத்ததெல்லாம் இரும்பை நக்குவது போல இருக்கிறது என்று தள்ளிவிடுவாள். எடை மளமளவென்று இறங்கியது. நாற்பத்தைந்து கிலோவாவது இல்லாவிட்டால் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் நாற்பத்துமூன்று. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது, ஒரு ஜப்பான் ஹோட்டல் வாசலில் ஒதுங்கினோம். பரிமாறுகிற பெண் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். முப்பது வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கிய கால், அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டத் தயங்கியது. சும்மா உட்காரக் கூச்சப்பட்டு, இவங்க விழுங்கற மாதிரி ஏதாவது இருக்குமாம்மா என்று கேட்டேன். மூடி போட்ட கிண்ணத்தில் ஆவியில் வேகவைத்த முட்டை வந்தது, தொட்டால் ஆடியது. அம்மா வழித்துச் சாப்பிட்டாள். சாப்பிட வைத்திருந்த குச்சிகளைக் கையில் எடுத்து, "இது கொண்டை போட்டுக்கத்தான் ஆகும்" என்றாள்.

அறைக்கு வந்து அவளே விளக்கினாள். "நம்ம சாப்பாட்டை வாயில வெச்சா பழைய ருசியை நாக்கு தேடுது, கிடைக்கலன்னதும் அழுகை வருது. அந்த ஜப்பான் முட்டை எப்படி இருக்கணும்னே எனக்குத் தெரியாது, அதனால ஏமாற ஒண்ணுமில்ல." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் எத்தனை தேசத்து ஹோட்டல்கள்! கொரியாக்காரர் கடையில் பூசணிக் கஞ்சி, கிரேக்கர் கடையில் எலுமிச்சை பிழிந்த கோழி சூப், லெபனான் கடையில் பருப்பு சூப். சமையல்காரர்களிடம் போய் இன்னும் கொஞ்சம் அரைத்துத் தாருங்கள் என்று கெஞ்சுவேன், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. யார் கடையிலும் கை நனைக்காத உன் அப்பா நான் இப்போது மெனு அட்டையை மேலிருந்து கீழ் வரை படிக்கிறேன்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. மெக்சிகோ ஹோட்டலில் பீன்ஸ் சூப் தொண்டையில் நின்றுவிட்டது. இருமி இருமி மேசையிலேயே வாந்தி எடுத்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் மேசையைத் துடைக்கப் போனாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் இரண்டு நாள் கதவைத் தாண்டவில்லை, தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. இனி என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலோரமே உட்கார்ந்திருந்தேன், பாப்பா. மூன்றாம் நாள் காலையில் தலை வாரிக்கொண்டு அவளே வந்து நின்றாள். "இன்னிக்கு எந்த நாட்டுக்குப் போறோம்?" என்றாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நாற்பத்தாறு. வருகிற இருபதாம் தேதி ஆபரேஷன். அங்கிருந்து நேராக இத்தாலிக்காரர் கடைக்குப் போனோம். தக்காளி சூப்பை ஒரு வாய் வைத்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். பயந்துபோனேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். இத்தனை வாரம் கழித்து அவள் நாக்குக்கு உப்பு தெரிந்திருக்கிறது! எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

அதனால் கிளம்பி வா. கோபம் இருந்தால் என்மேல் காட்டு, அவளிடம் வேண்டாம். அவள் மெலிந்ததைப் பார்த்து வாசலிலேயே அழாதே. பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொள், பெட்டிக்குள் போடாதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

ஆபரேஷனுக்கு அப்புறம் பல வாரம் குழாய் வழியாகத்தான் ஆகாரமாம். பத்தொன்பதாம் தேதி மதியம் வரை வாயால் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மூன்று பேருக்கு மேசை சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா